ஐந்து அச்சும் அப்பாவின் டயல் கேஜும்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வீட்டிலேயே ஐந்து அச்சு சி.என்.சி. மில்லிங் மெஷின் கட்டிய கதையைச் சொல்லச் சொன்னார்கள். 'வீட்டிலேயே' என்பது கொஞ்சம் மிகை. கோவை கணபதியில் அப்பாவின் லேத் பட்டறைக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகைதான் அது.

மூன்று அச்சு எல்லோருக்கும் தெரியும். இடம் வலம், முன் பின், மேல் கீழ். ஆனால் பம்ப் இம்பெல்லரின் முறுக்கிய இறகுகளை அதில் வெட்ட முடியாது. ஒரு இறகு அடுத்ததை மறைக்கும், கட்டர் உள்ளே நுழையாது. வேலைப்பொருளையே சாய்க்க வேண்டும், சுழற்றவும் வேண்டும். சாய்ப்பது ஏ அச்சு, சுழற்றுவது சி அச்சு. விலைக்கு வாங்கலாமே என்பீர்கள். நான் விசாரித்த விலைக்கு எங்கள் பட்டறையை இரண்டு முறை விற்க வேண்டும்!

2018-ல் ஆரம்பித்தேன். லீனியர் கைடு, பால் ஸ்க்ரூ, ஸ்பிண்டில் என்று வாங்கும்போதே என் சேமிப்பு தீர்ந்துவிட்டது. அப்பா தன்னிடமிருந்த இரண்டு லேத்தில் ஒன்றை விற்றார். "இன்னொண்ணு நிக்குதில்ல, அது போதும் கண்ணு" என்றார். அதன் பிறகு, அந்த லேத் நின்ற காலி இடத்தைத் தாண்டித்தான் தினமும் கொட்டகைக்குப் போக வேண்டியிருந்தது.

சட்டத்தை வெல்டிங் செய்தோம், ஆறும்போது இழுத்துக்கொண்டது. மறுபடி மட்டம் பார்த்து, அதிர்வு குறைய உள்ளே கருங்கல் ஜல்லியும் எபாக்ஸியும் கலந்து நிரப்பினோம். இயக்குவதற்கு லினக்ஸ் சி.என்.சி. இது இலவச மென்பொருள். அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட்டில் 1990-களில் நடந்த வேலையிலிருந்து வளர்ந்தது. ஐந்து அச்சுக் கணக்கெல்லாம் அதிலேயே இருக்கிறது.

சாய்க்கும் அச்சுக்கு முதலில் வார்ம் கியர் போட்டேன். அதில் 0.1 டிகிரி ஆட்டம். அது என்ன பெரிசு என்று நினைக்காதீர்கள். மையத்திலிருந்து 100 மில்லிமீட்டர் தள்ளிப் பார்த்தால் 0.17 மில்லிமீட்டர்! கடைசியில் கழித்துப் போட்ட ரோபோ ஒன்றின் கையிலிருந்து ஹார்மோனிக் டிரைவ் கிடைத்தது. 1971-ல் நிலாவில் ஓடிய வண்டியின் சக்கரங்களிலும் இந்த வகை டிரைவ்தான். எனக்குக் கிடைத்ததில் எண்ணெய்ப் பிசுக்கு தவிர வேறு குறை இல்லை.

இனி எல்லாம் சரி என்று நினைத்தேன். ஒரு பம்ப் பட்டறை முதலாளி அலுமினியத்தில் மாதிரி இம்பெல்லர் ஒன்று கேட்டார். ராத்திரி முழுக்க ஓட்டிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் திரும்பி வந்தார். ஒரு பக்கத்து இறகுகள் தடிமன், எதிர்ப்பக்கத்து இறகுகள் மெலிசு. திட்டவில்லை, மேஜை மேல் வைத்துவிட்டுப் போனார். ஆர்டர் வேறு இடத்துக்குப் போனது. ஒரு லேத்தை விற்று பொம்மை கட்டிவிட்டோமோ என்று அன்றைக்குத்தான் பயந்தேன்.

இரண்டு வாரம் மென்பொருளில் தேடினேன். ஒரு நாள் அப்பா டீ டம்ளரோடு வந்து நின்று கேட்டார்: "திரும்புற நடு எங்க இருக்குதுன்னு இதுக்குத் தெரியுமா?"

"தெரியுங்கப்பா. டிராயிங்ல இருக்கிற அளவைக் கொடுத்திருக்கேன்."

"அது டிராயிங்ல. மெசின்ல?"

நான் அளந்ததே இல்லை! அப்பா தன் பழைய டயல் கேஜை எடுத்தார். சி அச்சு மேஜையில் ஒரு உருண்டைத் தண்டை நிறுத்தி, கேஜை வைத்து, 180 டிகிரி திருப்பினார். முள் காட்டிய வித்தியாசத்தில் பாதியைத் தட்டிச் சரிசெய்தார். லேத்தில் ஜாப் கட்டும்போது அவர் தினமும் செய்கிற வேலைதான். தண்டு நடுவுக்கு வந்ததும் ஸ்பிண்டிலில் கேஜை மாட்டி அதைச் சுற்றிப் பார்த்தோம். சி அச்சின் இடம் கிடைத்தது.

ஏ அச்சுக்கு, மேஜையை ஒரு பக்கம் 90 டிகிரி சாய்த்து அதன் முகம் எங்கே நிற்கிறது என்று தொட்டுப் பார்த்தோம். எதிர்ப்பக்கம் 90 டிகிரி சாய்த்து மறுபடி தொட்டோம். இரண்டுக்கும் நட்ட நடுவில்தான் அச்சு. அந்த இடைவெளியில் பாதிதான், மேஜை முகத்துக்கும் அச்சுக்கும் உள்ள உயரம். நான் கொடுத்திருந்த மையம் 0.18 மில்லிமீட்டர் தவறு. 90 டிகிரி சாயும்போது அது 0.25 ஆகிவிடும். மென்பொருளில் ஒரு எழுத்துகூட மாற்றவில்லை, நான்கே எண்களை மாற்றினோம்.

அதே இம்பெல்லரை மறுபடி வெட்டினேன். மைக்ரோமீட்டரில் எல்லா இறகும் 0.03-க்குள் வந்தது. போன ஆர்டர் திரும்பி வரவில்லை. ஆனால் எட்டு மாதம் கழித்து அதே முதலாளி வேறொரு டிராயிங்கோடு வந்தார். இப்போது அந்தக் காலி இடத்தில் பழைய லேத் ஒன்று நிற்கிறது. விற்றதைவிடச் சின்னதுதான். அப்பாவுக்கு அதில் இன்னும் திருப்தி இல்லை.

தம்பி தங்கைகளே, சனிக்கிழமை மதியம் கொட்டகை திறந்திருக்கும். யார் வேண்டுமானாலும் வரலாம். மோதிரம், வாட்சைக் கழற்றி வைத்துவிட்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு வாருங்கள். டயல் கேஜை மட்டும் அப்பாவைக் கேட்காமல் தொட வேண்டாம்.