யோப்பா பட்டணத்துத் தோல்காரர் வீடு

ஆம்பூர் நகரத்துப் பெரியோர்களே, ஷிப்ட் முடிந்து நேரே வந்து இடமின்றிப் பின்னால் நிற்கும் ஷூ கம்பெனித் தங்கைமாரே! உபத்திரவ காலத்தில் தேவனை நம்பிக் கீழ்ப்படிவது குறித்துப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறார்கள்.

அப்போஸ்தலர் நடபடிகள் 9-ஆம் அதிகாரத்தின் கடைசியை நினைத்துப் பாருங்கள். பேதுரு யோப்பா பட்டணத்தில் அநேக நாள் தங்கியிருந்தாரே, அது யாருடைய வீடு? பிரதான ஆசாரியர் மாளிகையா, தேசாதிபதியின் அரண்மனையா? தோல் பதனிடும் சீமோன் வீடு! தட்டுங்கள், நன்றாகக் கை தட்டுங்கள். பேரணாம்பட்டுக்கும் வாணியம்பாடிக்கும் கேட்கட்டும்! செத்த மிருகத்தைத் தொடுகிற தொழில் தீட்டென்று ஊரார் முகஞ்சுளித்த காலத்தில், அந்த வீட்டு மேல்மாடியில்தான் தரிசனம் வந்தது. அந்நிய ஜாதியானாகிய கொர்நேலியுவின் ஆட்களோடு புறப்படு என்று, மனம் இசையாத கட்டளையும் அங்கேதான் வந்தது. பேதுரு தயங்கினார், கேள்வியும் கேட்டார், ஆனாலும் போனார்.

இதை எனக்கு விளக்கியவர் எந்த வேதசாஸ்திரக் கலாசாலையிலும் படித்தவரல்லர். பெயரைச் சொன்னால் என்னோடு பேசுவதையே நிறுத்திவிடுவார்; ஆகவே பெரியவர் என்று மட்டும் சொல்லுகிறேன். தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியிலே வாழ்நாளைக் கழித்தவர். நகங்கள் தேய்ந்து, விரல்நுனி மரத்துப்போனபடியால், வேதப்புத்தகத்தின் மெல்லிய தாளை அவரால் விரலால் பிரிக்க முடியாது. உள்ளங்கையின் ஓரத்தை வைத்து, மெதுவாகத் தள்ளித் தள்ளித்தான் பக்கம் புரட்டுவார். விடியுமுன் ஓர் அதிகாரம். பிறகு வேலை.

1996-இல் உச்சநீதிமன்றம், கழிவுநீரைச் சுத்திகரிக்காத ஷாப்புகளை மூடச்சொல்லித் தீர்ப்பளித்தபோது அவர் கூலியும் போயிற்று. சாபமிட்டாரா என்றால், இல்லை. "தீர்ப்பு சரிதான் தம்பி, எங்கள் தெருக்கிணறும் உப்புக் கரிக்கிறது" என்றார்! முப்பத்தையாயிரம் ஹெக்டேர் விளைநிலம் பாழ்பட்டதென்று வழக்கிலே பேசப்பட்டது. பாலாற்றின் கரையில் பிறந்தவனுக்கு அந்தக் கணக்கும் வேண்டுமோ? தன் வயிற்றில் அடித்த தீர்ப்பை நியாயமென்று ஒப்புக்கொள்ள எத்தனை பேரால் முடியும்!

இப்படிக் கீழ்ப்படிந்த இன்னொருவரைப் பார்க்க வேலூருக்கு வருவோம். கொச்சிச் சீமையிலிருந்து வந்து நம் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் பயின்ற டாக்டர் மேரி வர்கீஸ் அம்மையாரை மூத்தோர் சிலர் பார்த்திருப்பீர்கள். 1954-இல் மோட்டார் விபத்து. முதுகுத்தண்டு சிதைந்து, இடுப்புக்குக் கீழே உணர்ச்சியற்றுப்போன அந்த இளம் வைத்தியர், எழுந்து நடக்கவேண்டுமென்று மன்றாடாமலா இருந்திருப்பார்? கால்கள் திரும்பவில்லை. கை இருக்கிறதே, தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை உட்கார்ந்தபடியே அறுவைசிகிச்சை செய்து நிமிர்த்தலாமே என்று டாக்டர் பால் பிராண்ட் வழிகாட்ட, சக்கர நாற்காலியிலிருந்தபடி கத்தியைக் கையிலெடுத்தார். பின்னர் ஆஸ்திரேலியாவிலும் நியூயார்க்கிலும் புனர்வாழ்வு வைத்தியத்துக்குரிய பயிற்சியைப் பெற்றுத் திரும்பி, தம்மைப்போல் படுக்கையில் விழுந்தோரை எழுப்பி உட்காரவைக்கும் துறையை வேலூரில் நடத்தினார். 1966-இல் பாகாயத்தில் எழுந்த நிலையம் இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. 1972-இல் பத்மஸ்ரீ. கேட்ட வரம் கிடைக்காமலே கீழ்ப்படிந்த வாழ்க்கை இது.

ஆனால் இப்போது சில ஊர்களில் சில பிரசங்கிமார் பந்தல் போடுகிறார்கள், ஐயா! பெயரைச் சொல்லமாட்டேன், சொன்னால் அதுவே அவர்களுக்கு இலவச விளம்பரமாகிவிடும். காணிக்கைக் கவரை நிரப்பினால் கடன் தீருமாம், விசுவாசமிருந்தால் வியாதியே அணுகாதாம். அப்படியானால் மேரி வர்கீஸ் அம்மையாருக்கு விசுவாசம் குறைவென்றா சொல்லுகிறீர்கள்? எங்கள் பெரியவருக்கு விசுவாசம் குறைவா? சொல்லுங்கள், பாகாயத்துக்கு வந்து அந்தச் சக்கர நாற்காலிகளின் முன்னால் நின்று சொல்லிப்பாருங்கள்!

இவர்களாவது பரவாயில்லை. எதற்கெடுத்தாலும் "தேவசித்தம்" என்று பெருமூச்சு விடுகிற வேறொரு கூட்டமிருக்கிறது. 2015 ஜனவரியில் இராணிப்பேட்டை சிப்காட்டில் தோற்கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் பத்துப்பேர் சேற்றிலே மாண்டார்களே, அதற்கும் தேவசித்தமென்றே பெயர் வைத்தார்கள். மனிதன் கட்டிய சுவர் உடைந்ததற்குத் தேவன்மேல் பழிபோடுவது பக்தியா? அது நிந்தனை! அழுகிறவனோடு அழவேண்டும், சுவர் ஏன் உடைந்ததென்று கேட்கவும் வேண்டும். யோப்பாவில் பேதுரு தேவனிடமே மறுத்துப் பேசினாரென்றால், நாம் முதலாளியிடமும் அதிகாரியிடமும் கேட்கக்கூடாதா?

கூட்டத் தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். அடுத்த பந்தியில் பிரியாணியும் காத்திருக்கிறது, எனக்குத் தெரியும். ஒரே ஒரு விண்ணப்பம். பெரியவருக்கு இப்போது கண்ணிலே புரை விழுந்துவிட்டது. புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டிருக்கிறார், வாசிக்க முடியவில்லை. கம்பெனிக்குப் போகுமுன் கால்மணி நேரம் போய் ஓர் அதிகாரம் வாசித்துக்காட்ட, வாரத்துக்கு ஒருவராக, பின்னால் நிற்கும் பிள்ளைகளில் ஏழெட்டுப்பேர் முன்வரவேண்டும். வாசலில் செயலாளர் நோட்டுப்புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறார். பெயரைக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போங்கள்.