கணிதப் பேராசிரியர் நூலகரான பயணம்

ஆசிரியர்களையும் ஆய்வாளர்களையும் வெளிநாட்டுக்கு அனுப்பிப் பயிற்றுவிக்கும் திட்டங்கள் இன்று பல உண்டு. அவற்றில் ஒன்றான ஃபுல்பிரைட் உதவித்தொகை இந்தியாவுக்கு வந்தது 1950-இல். அதற்குக் கால் நூற்றாண்டு முன்பே சென்னைப் பல்கலைக்கழகம் ஒருவரை அப்படி அனுப்பியது. அவர் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன்.

மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்த அவர், 1924-இல் பல்கலைக்கழக நூலகரானார். நூலகப் பயிற்சி இல்லாததால் லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரிக்கு அனுப்பப்பட்டார். பாடத்தைவிட அதிகம் கற்றுக்கொடுத்தவை அவர் நேரில் பார்த்த பிரிட்டன் நூலகங்கள். தொழிலாளியும் குழந்தையும் அங்கே தடையின்றிப் புத்தகம் எடுத்தார்கள். லண்டன் கடையொன்றில் கண்ட மெக்கானோ விளையாட்டுப் பொருள் இன்னொரு பொறியைத் தந்தது: சில துண்டுகளைக் கொண்டு பல வடிவங்களை ஆக்குவதுபோல், சில கூறுகளை இணைத்து எந்த நூலின் பொருளையும் குறிக்கலாம்! அதுவே நூல்களை வகைப்படுத்தும் கோலன் பகுப்பு முறை. 1933-இல் நூலாக வந்தது.

1925-இல் திரும்பியவர், தாம் கண்டதைப் பல்கலைக்கழக நூலகத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. 1928-இல் சென்னை நூலகச் சங்கம் உருவாக முன்னின்றார். நூலகவியலின் ஐந்து விதிகளை 1931-இல் வெளியிட்டார். அவர் விடாமல் வலியுறுத்திய பொது நூலகச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1948-இல் நிறைவேறியது.