மலையேற ஒரு முதுகுப் பை (மட்டாஞ்சேரியில் பேசியது)

அகஸ்தியர்கூடம் போக ஆசைப்படும் பலரும் என்னிடம் கேட்பது, எந்தப் பை வாங்கலாம் என்றுதான். மலை 1868 மீட்டர். போனக்காட்டிலிருந்து நடந்து, அதிருமலையில் தங்கி, மறுநாள் உச்சி. 25 முதல் 30 லிட்டர் பை போதும்.

கடையில் வெளிப்பகட்டைப் பார்க்காதீர்கள். தோள் வார் பையோடு சேருமிடத்தில் நெருக்கமான குறுக்குத் தையல் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் விட்டுப்போகும். இடுப்பு வார் இருந்தால் பாரம் தோளிலிருந்து இறங்கும். மாமாக்களுக்கு மட்டுமல்ல, மாமிகளுக்கும் சொல்கிறேன். 2019 முதல் பெண்களும் அங்கே ஏறுகிறார்களே!

ஆனால் நம் கொச்சியில் பைக்கு எமன் மலையல்ல, பரண்தான். தண்ணீர் புகாதிருக்க நைலான் துணியின் உள்பக்கம் பாலியூரிதேன் பூசியிருப்பார்கள். காயல் காற்றின் ஈரத்தில் அந்தப் பூச்சு நாளடைவில் சிதைந்து, பிசுபிசுத்து, செதில் செதிலாக உரியும். விலை கூடிய பைக்கும் இதே கதிதான். சென்னை, மும்பை அங்கத்தினர்களுக்கும் இது பொருந்தும். ஆகவே திரும்பி வந்ததும் துடைத்து, நிழலில் நன்றாக உலர்த்தி, காற்றோட்டமாகத் தொங்கவிடுங்கள். வெயில் வேண்டாம், நைலான் நைந்துவிடும்.

பழைய பை பரணில் இருக்கிறதா? உள்ளே கைவிட்டுப் பாருங்கள். ஒட்டினால், அது காய்கறி வாங்கத்தான் ஆகும்.