பொகை ஏறின பால், பொகை போட்ட சீஸ்

இந்த எபிசோடை வத்திராயிருப்புல, எங்க அப்பத்தா வீட்டுக் கொல்லையில உட்கார்ந்து பேசிட்டிருக்கேன். நடுவுல கோழி கொக்கரிச்சா பொறுத்துக்கோங்க.

இன்னைக்கு விஷயம் ஸ்மோக்டு கேசோ. டெக்சாஸ்ல சீஸ், தக்காளி, மிளகாய் எல்லாம் சேர்த்து உருக்கி, சூடா தொட்டுச் சாப்பிடுவாங்க. அதுல கறியும் சேர்த்து, ட்ரேயோட ஸ்மோக்கருக்குள்ள வச்சு பொகை ஏத்தினா இதுதான். ரீல்ஸ்ல முப்பது செகண்ட்ல முடிஞ்சிடும். எனக்கு ரெண்டு ஞாயித்துக்கிழமை ஆச்சு.

நான் இதுல இறங்கினதுக்குக் காரணம் அப்பத்தாதான். பல்லு போய் ரெண்டு வருஷமாச்சு. வீட்ல எல்லாரும் கறி சாப்பிடுறப்ப, அது மட்டும் குழம்பை ஊத்திச் சாப்பிட்டு எழுந்திரிக்கும். கொத்துக்கறியை மெத்துன்னு வேகவச்சு சீஸ்ல கலந்தா மெல்லவே வேணாமேன்னு தோணுச்சு.

முதல் வாரம் நல்ல விலைக்கு செடார் வாங்கிட்டு வந்தேன். மூடி போட்ட கரி கிரில்ல வச்சு அரை மணி நேரம் கழிச்சுத் திறந்தா, மேல எண்ணெய் மிதக்குது, அடியில ரப்பர் மாதிரி கட்டி. அதிகமா சூடானா புரதம் சுருங்கி கொழுப்பை வெளிய தள்ளிடும். இங்கதான் நாம கேவலமா பார்க்குற ப்ராசஸ்டு சீஸ் ஜெயிக்குது. அதுல சோடியம் சிட்ரேட் மாதிரி உப்புங்க இருக்கும். அது கால்சியத்தைப் பிடிச்சுக்கிறதால புரதம் இளகி, கொழுப்பையும் தண்ணியையும் பிரியாம வச்சிருக்கும். அமெரிக்காவுல ஜேம்ஸ் கிராஃப்ட் 1916லயே ப்ராசஸ்டு சீஸுக்கு பேட்டன்ட் வாங்கிட்டார். பன்னீர் போடலாமான்னு கேட்காதீங்க, அது உருகவே உருகாது.

அடுத்த பிரச்சினை பொகை. அப்பத்தா வந்து பார்த்துட்டு, "ஏன்டா, பாலுல பொகை ஏறிட்டா வாயில வைக்க மாட்டோம். நீ காசு குடுத்து ஏத்துறியா?"ன்னுச்சு. நியாயமான கேள்வி! பக்கத்துல ஸ்ரீவில்லிபுத்தூர். 2019ல புவிசார் குறியீடு வாங்கின பால்கோவா ஊரு. பால் அடிபிடிக்காம கிண்டுறதையே தொழிலா வச்சிருக்கிற இடத்துல நான் பாலைப் பொகைக்கிறேன்.

ஆனா அடுத்து அது சொன்னதுதான் முக்கியம். "பச்சை வெறகு வச்சிருக்க. வெள்ளைப் பொகை கண்ணைக் கரிக்குதுல்ல? நாக்கையும் கரிக்கும். காத்து போக விடு, எரியட்டும்."

அமெரிக்க பார்பிக்யூ ஆளுங்க மெல்லிசான நீலப் பொகைன்னு பெருசா பேசுறது இதைத்தான். ஈர விறகு, காத்தில்லாத அடுப்பு ரெண்டும் கசப்பைத்தான் தரும். மலையடிவாரம்தானேன்னு காட்டுல போய் விறகு பொறுக்காதீங்க, அது 2021லேர்ந்து புலிகள் காப்பகம். நான் எடுத்தது தோப்புல வெட்டிப் போட்டு நல்லா காய்ஞ்ச மாங்கட்டை. முந்திரி ஓடு மட்டும் வேணவே வேணாம், அந்த எண்ணெய் தோலையே புண்ணாக்கும்.

ரெண்டாவது வாரக் கணக்கைக் குறிச்சுக்கோங்க. ப்ராசஸ்டு சீஸ் 400 கிராம், கொத்துக்கறி 250 கிராம், பால் 150 மில்லி, தக்காளி ரெண்டு, வெங்காயம் ஒண்ணு, பச்சை மிளகாய் மூணு. கறியை இஞ்சி பூண்டோட முழுசா வேகவச்சு, தண்ணி வத்தினதும் சேருங்க. கிரில் சூட்டை நம்பி பச்சைக் கறி போடாதீங்க. கரி ஒரு பக்கம், ட்ரே மறுபக்கம், மூடி போட்டு 110லேர்ந்து 120 டிகிரி. பொகை மேல்பரப்புலதான் பிடிக்கும், அதனால இருபது நிமிஷத்துக்கு ஒருதடவை கிண்டணும். ஒரு மணி நேரம் போதும். உப்பு போடவே வேணாம், சீஸ்லயே தாராளமா இருக்கு.

தொட்டுக்க சிப்ஸ் தேடினேன், கிடைக்கல. விருதுநகர் பொரிச்ச பரோட்டா வாங்கியாந்தோம். மொறுமொறுன்னு சரியா அள்ளுது. சாத்தூர் சேவு டேஸ்ட் அருமை, ஆனா அள்ள முடியல.

அப்பத்தா பரோட்டாவை ஒதுக்கி வச்சுட்டு, ஸ்பூன்ல எடுத்து வாயில வச்சுச்சு. கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அப்புறம், "கறி நல்லாருக்கு. பாலுதான் கெட்டுப்போச்சு"ன்னுட்டு கிண்ணத்தை நீட்டுச்சு, இன்னும் கொஞ்சம் வைக்கச் சொல்லி.

சரி மக்களே, கோழி ட்ரேகிட்ட வந்துடுச்சு. நான் போறேன்.