எண்ணப்படுகிறவர்களும் எண்ணுகிறவர்களும்

(காஞ்சிபுரத்தில் தலித் மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



கவிதை எழுதுகிறவன் கவிதை பற்றித்தான் பேசுவான் என்று வந்திருப்பீர்கள. நான் கணக்கு பற்றிப் பேசப் போகிறேன். செயல்முறை ஆராய்ச்சி என்று ஒரு துறை இருக்கிறது, ஆங்கிலத்தில் ஆபரேஷன்ஸ் ரிசர்ச். இருக்கிற ஆள், இருக்கிற பொருள், இருக்கிற நேரம் இவற்றை எப்படிப் பங்கிட்டால் காரியம் நன்றாக நடக்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிற படிப்பு. அரசாங்கத்தில் இதற்கு வேலை இருக்கிறது. அந்த வேலையில் நம்ம ஆட்கள் ஏன் உட்கார வேண்டும், எப்படி உட்காருவது, இந்த இரண்டையும்தான் இன்றைக்குச் சொல்ல வந்தேன்.

இந்தப் படிப்பு யுத்தத்தில் வளர்ந்தது. இரண்டாம் உலகப்போரில் பிளாக்கெட் என்ற இயற்பியல் அறிஞரின் குழு பிரிட்டிஷ் கடற்படைக்கு ஒரு கணக்குப் போட்டுக் கொடுத்தது. சரக்குக் கப்பல்கள் சின்னச் சின்னக் கூட்டமாகப் போவதைவிடப் பெரிய கூட்டமாகப் போனால் நீர்மூழ்கிகளால் வரும் இழப்பு குறையும் என்று. இதற்காகப் புதுசா ஒரு பீரங்கிகூட வாங்க வேண்டியதில்லை, கூட்டம் சேர்க்கிற விதத்தை மாற்றினால் போதும். அதற்கும் முன்னாலேயே, 1909இல், எர்லாங் என்பவர் கோபன்ஹேகன் தொலைபேசி நிலையத்தை வைத்து அழைப்புகளுக்கு ஒரு கணக்கு எழுதினார். வரிசைக் கோட்பாடு அதிலிருந்து வந்தது. நான் வங்கி குமாஸ்தா. இரண்டு கவுன்ட்டரில் ஒன்றை மூடினால் வரிசை எவ்வளவு நீளும் என்பதற்குச் சூத்திரம் இருக்கிறது. வரிசையில் நிற்கிற ஆயாவுக்கு அந்தச் சூத்திரம் தெரியாது, கால்வலி தெரியும். சூத்திரம் தெரிந்தவன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிறான். அதிகாரம் என்று நாம் பேசுகிறோமே, அதில் பாதி இதுதான்.

நம்ம ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். காஞ்சிபுரத் தறிமேல் ஜக்கார்டு பெட்டி உட்கார்ந்திருக்கிறது. அதில் ஓட்டை போட்ட அட்டைகள். ஓட்டை இருந்தால் ஒரு இழை தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது. 1804 வாக்கில் பிரான்சில் ஜக்கார்டு இந்த முறையைக் கொண்டுவந்தார். கணக்கு இயந்திரம் கற்பனை செய்த பாபேஜ் இந்த அட்டையைத்தான் எடுத்துக்கொண்டார். 1890இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கை ஹோலரித் ஓட்டை அட்டைகளை வைத்துத்தான் எண்ணினார். கணினிக்குப் பாட்டன் நம்ம தெருத் தறியில் தொங்குகிறான். ஆனால் அந்தத் தறிக்குப் பக்கத்தில் யார் இருந்தார்கள்? கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா. மூன்றாவது நாடாவைத் தள்ள ஒரு கையாள் வேண்டும். முன்பணம் வாங்கிய வீட்டுக் குழந்தைகளை அதற்கு உட்கார வைத்தார்கள். அதில் நம்ம சேரிப் பிள்ளைகள் இருந்தார்கள். 2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் பட்டுத்தொழிலில் கொத்தடிமைக் குழந்தைகள் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது, காஞ்சிபுரமும் அதில் இருக்கிறது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்ததோ 1976இல். முன்பணம் எவ்வளவு, கழிந்தது எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்ற நோட்டு முதலாளி கையில் இருந்தது. வேலை செய்தது பிள்ளை, எழுதியது அவன். கணக்கு அவனிடம் இருந்ததனால்தான் கடன் தீரவே இல்லை.

இதற்கு நேர்மாறான ஒரு கணக்கும் இதே ஜில்லாவில் நடந்தது. அப்போது காஞ்சிபுரம் செங்கல்பட்டு ஜில்லாவில் இருந்தது. கலெக்டராக இருந்த திரமென்கீர் 1891இல் பறையர் நிலைமை பற்றி அறிக்கை எழுதினார். நிலமில்லை, மனைக்கட்டு இல்லை, கல்வி இல்லை என்று விவரங்களோடு எழுதினார். 1892இல் அரசாணை வந்தது, பஞ்சமி நிலம் வந்தது. மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்று சொல்கிறோம். அது எங்கே போச்சு என்று கேட்டதற்குத்தான் 1994 அக்டோபர் 10 அன்று காரணை போராட்டத்தில் ஜான் தாமஸும் ஏழுமலையும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஒரு வெள்ளைக்கார அதிகாரி எண்ணி எழுதிவைத்த காகிதம் நூறு வருடம் கழித்தும் நம் கையில் ஆயுதமாக இருக்கிறது. அதே காகிதத்தை நம்மில் ஒருவர் எழுதியிருந்தால்?

அம்பேத்கர் பொருளாதாரம் படித்தவர். ரூபாயின் பிரச்சினை பற்றி 1923இல் புத்தகம் போட்டவர். வைஸ்ராய் கவுன்சிலில் அவர் இருந்தபோதுதான் 1943இல் மத்திய அரசு வேலையில் நமக்கு 8⅓ சதவீதம் வந்தது. பாபாசாகேப் சட்டம் படித்ததை எல்லோரும் சொல்கிறோம். கணக்கு படித்ததைச் சொல்வதில்லை.

இப்போது கரும்பலகையைப் பாருங்கள். மத்திய அரசில் எஸ்.சி.க்கு 15 சதவீதம். நூறைப் பதினைந்தால் வகுத்தால் 6.67 வரும். அதனால் சுழற்சிப் பட்டியலில் முதல் எஸ்.சி. இடம் ஏழாவது. எஸ்.டி.க்கு 7.5 சதவீதம், முதல் இடம் பதினான்காவது. இதில் எங்கே சூழ்ச்சி? ஒரு பல்கலைக்கழகத்தில் 20 துறை, துறைக்கு 6 ஆசிரியர் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 120. பல்கலைக்கழகத்தை ஒரே அலகாக எடுத்தால் நமக்கு 18 இடம். துறையை அலகாக எடுத்தால் முதல் நியமனத்தில் பூஜ்யம்! யாராவது ஓய்வு பெற்று, இடம் சுழன்று வரும்வரை காத்துக்கிட்டு இருக்கணும். சதவீதத்தில் யாரும் கை வைக்கவில்லை, பதினைந்து பதினைந்தாகவே இருந்தது. அலகை மட்டும் மாற்றினார்கள். இது கற்பனை இல்லை. 2017இல் அலகாபாத் உயர்நீதிமன்றம் துறையே அலகு என்றது. 2018இல் பல்கலைக்கழக மானியக் குழு அதை உத்தரவாக அனுப்பியது. தெருவில் இறங்கிப் போராடிய பிறகு 2019இல்தான் சட்டம் போட்டு மாற்றினார்கள். அசைன்மென்ட் பிராப்ளம் என்பதைத் தமிழில் ஒதுக்கீட்டுக் கணக்கு என்று சொல்வதுண்டு. பெயர்ப் பொருத்தம் பார்த்தீர்களா? நம் ஒதுக்கீடே ஒரு செயல்முறை ஆராய்ச்சிக் கணக்குதான், போடுகிறவன்தான் வேறு ஆள்.

நீதிமன்றமும் எண்ணைத்தான் கேட்கிறது. பதவி உயர்வில் ஒதுக்கீடு தர வேண்டுமானால் அளவிடத்தக்க புள்ளிவிவரம் காட்டு என்று 2006இல் நாகராஜ் வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்னது. 2018இல் ஜர்னைல் சிங் வழக்கில், எஸ்.சி., எஸ்.டி. பின்தங்கியவர்கள் என்று தனியாக நிரூபிக்க வேண்டாம் என்றார்கள். பிரதிநிதித்துவம் போதவில்லை என்பதற்கான புள்ளிவிவரம் மட்டும் இன்னும் வேண்டும். அதை யார் திரட்டுவது? அரசு அதிகாரி. அவர் எந்தத் தெருவிலிருந்து வந்தவர்? இதுதான் என் கேள்வி.

இன்னொன்றும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். குரூப் ஏ-வில் அடிப்படை நிலைக்கு மேலே, ஆராய்ச்சி செய்கிற அல்லது அதை வழிநடத்துகிற அறிவியல் தொழில்நுட்பப் பதவிகளுக்கு ஒதுக்கீட்டிலிருந்து விலக்கு அளிக்கலாம் என்று 1975இல் ஒரு குறிப்பாணை வந்தது. வாசற்படி வரைக்கும் வா, உள்ளே வராதே. கோயில் வாசலில் கேட்ட குரல்தானே இது? ஆராய்ச்சி என்ற சொல்லை வைத்தே கதவைச் சாத்த முடியும். அதனால் இந்தத் துறைக்குப் போகிறவர்களுக்குப் போராட்டம் வேலை கிடைத்ததும் முடியாது, அப்போதுதான் ஆரம்பிக்கும்.

சரி, போவது எப்படி? 'செயல்முறை ஆராய்ச்சியாளர்' என்ற பெயரிலேயே தேர்வு தேடினால் ஏமாந்து போவீர்கள். பெரிய கதவு இந்தியப் புள்ளியியல் பணி. யு.பி.எஸ்.சி. நடத்துகிறது. பட்டப்படிப்பில் புள்ளியியல் ஒரு பாடமாக இருக்க வேண்டும், அல்லது புள்ளியியலில் முதுகலை வேண்டும். வயது 21லிருந்து 30, எஸ்.சி., எஸ்.டி.க்கு 35 வரை. நமக்கும் பெண்களுக்கும் விண்ணப்பக் கட்டணம் கிடையாது. எழுத்துத் தேர்வு 1000 மதிப்பெண். பொது ஆங்கிலம் 100, பொது அறிவு 100, புள்ளியியல் நான்கு தாள்கள் தலா 200. நேர்முகம் 200. நான்காவது தாளில் ஏழு பிரிவுகள், ஏதாவது இரண்டை எழுதினால் போதும். அதில் ஒன்று செயல்முறை ஆராய்ச்சி. பக்கத்துக் கதவுகளும் உண்டு. எஸ்.எஸ்.சி. பட்டதாரி நிலைத் தேர்வில் இளநிலைப் புள்ளியியல் அலுவலர் பதவி இருக்கிறது. பிளஸ் டூ கணக்கில் 60 சதவீதம், அல்லது பட்டத்தில் புள்ளியியல் ஒரு பாடம். டி.என்.பி.எஸ்.சி.யில் உதவிப் புள்ளியியல் ஆய்வாளர். செயல்முறை ஆராய்ச்சியையே முதுகலையாகப் படிக்க டெல்லிப் பல்கலைக்கழகத்தில் தனித் துறை இருக்கிறது.

இதில் முட்டுக்கட்டை எங்கே என்று நேர்மையாகப் பார்ப்போம். முதல் முட்டு பதினோராம் வகுப்பு. "உனக்கெதுக்குப்பா கணக்கு குரூப்பு?" என்று ஒருவர் அன்பாகவே சொல்லுவார். அந்த ஒரு வார்த்தையில் பத்து வருடத்துக்கு அப்புறம் வரவேண்டிய பதவி போய்விடுகிறது. பதினைந்து வயதில் சாத்திய கதவை இருபத்தைந்து வயதில் எந்த ஒதுக்கீடும் திறக்காது. இரண்டாவது மொழி. இந்தப் புள்ளியியல் பணித் தேர்வை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். தமிழ்வழியில் படித்த நம்ம பிள்ளைக்கு இது இரட்டைத் தேர்வு. மூன்றாவது சாதிச் சான்றிதழ். 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி மதம் மாறிய கிறித்தவத் தலித்துக்கு எஸ்.சி. சலுகை இல்லை. சேரி ஒன்று, தீண்டாமை ஒன்று, சான்றிதழ் மட்டும் இரண்டு. அவர்களை விட்டுவிட்டு நாம் மட்டும் போக முடியாது. அந்தக் கோரிக்கையும் நம் கோரிக்கைதான்.

"அரசு எந்திரத்துக்குள் நாலு பேர் போய் உட்கார்ந்தால் விடுதலை வந்துடுமா?" என்று தோழர்கள் கேட்கலாம். வராது. நிலம் வேண்டும், கூலி வேண்டும், சாதி ஒழிய வேண்டும். அதிகாரி ஆனதும் சேரியை மறந்தவர்களை நாமும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். அதனால்தான் இதை வேலைவாய்ப்புக் கூட்டத்தில் பேசாமல் இயக்க மேடையில் பேசுகிறேன். இயக்கம் இல்லாத அதிகாரி சம்பளக்காரன். கணக்குத் தெரியாத இயக்கம் மனு கொடுத்துவிட்டுக் காத்திருக்கும். இரண்டும் சேர வேண்டும். வரப்போகும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியையும் எண்ணப்போவதாக 2025இல் மத்திய அரசு அறிவித்தது. கோடிக்கணக்கான எண்கள் வரும். அதை எப்படிக் கூட்டுவது, எந்த அலகில் பிரிப்பது, எதை வெளியிடுவது, எதை அலமாரியில் பூட்டுவது என்று யாரோ முடிவு செய்வார்கள்.

கடைசியாக மூன்று வேலை. ஒன்று, இந்தக் கோடையில் பத்தாவது முடிக்கிற நம்ம பிள்ளைகளின் வீடுகளுக்குப் போங்கள். கணக்கில் ஆசை உள்ளவர்களைக் கணக்குப் பிரிவில் சேர்த்துவிட்டுத் திரும்புங்கள். இரண்டு, வாரத்துக்கு இரண்டு மாலை புள்ளியியலும் ஆங்கிலமும் சொல்லிக்கொடுக்க ஓர் இடம் பாருங்கள். நான் வருகிறேன், இலவசமாக வருகிறேன். மூன்று, ஆளுக்கு ஒரு அலுவலகத்தைத் தேர்ந்தெடுங்கள். 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி அதன் சுழற்சிப் பட்டியலைக் கேளுங்கள். வந்ததும் இங்கே கொண்டுவாருங்கள். ஏழாவது இடத்தில் யார் இருக்கிறார் என்று சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.

ஜெய் பீம்.