முன்பே கண்டுபிடித்திருந்தால்...

(மொன்றியலில் நடைபெற்ற மூத்தோர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் வைத்தியன் அல்லன்; பொறியியல் கற்றுக் கணினித்துறையில் பணிபுரிபவன். இன்று ஒரு மகனாகவே உங்கள் முன் நிற்கின்றேன்.

என் தந்தையாருக்கு வயது 76. இரவில் நான்கைந்து தடவை சிறுநீர் கழிக்க எழும்புவார். குடும்ப வைத்தியர் அதுபற்றி வினவியபோது, "வயது போனால் அப்படித்தானே" என்றார் அப்பா. பிரெஞ்சில் மொழிபெயர்த்தவன் நான். தகப்பனும் மகனும் பேசக் கூசும் விடயமாகையால், "பெரிதாக ஒன்றுமில்லை" என்று சுருக்கிவிட்டேன். வைத்தியரும் மேற்கொண்டு கேட்கவில்லை. அடுத்த ஆண்டு இடுப்புவலி வந்தது. புரொஸ்ரேற் சுரப்பிப் புற்றுநோய் எலும்புவரை பரவியிருந்தது.

அன்று தொட்டு எங்கள் வீட்டில் ஒரே கேள்விதான்: முன்பே கண்டுபிடித்திருந்தால்? தங்கை வைத்தியரைக் குறை கூறினாள். அம்மா விதியை நொந்தார். நான் என்னையே நொந்துகொண்டேன்.

இக்கேள்விக்கு எளிய விடை இல்லை. இரவில் அடிக்கடி எழும்புவதற்குப் பெரும்பாலும் வயதோடு வரும் சாதாரணச் சுரப்பி வீக்கமே காரணம். ஆரம்பநிலைப் புற்றுநோய் அநேகமாக அறிகுறி எதனையும் காட்டாது. பி.எஸ்.ஏ. எனும் இரத்தப் பரிசோதனையின் அளவு புற்றுநோய் இல்லாதவரிடத்தும் உயரலாம். எனவேதான் அறிகுறியற்ற, 70 வயதைக் கடந்த ஆண்களுக்கு அப்பரிசோதனை வேண்டாமெனக் கனடியத் தடுப்புச் சுகாதாரப் பணிக்குழு 2014இல் பரிந்துரைத்தது. அமெரிக்க முன்னாள் அதிபர் ஜோ பைடனுக்கு 2025 மே மாதத்தில் இந்நோய் கண்டறியப்பட்டபோது, அதுவும் எலும்புக்குப் பரவியிருந்தது. அவர் இறுதியாகப் பி.எஸ்.ஏ. பரிசோதனை செய்தது 2014இல் என்றே அவர் தரப்பு தெரிவித்தது.

ஆயினும் அறிகுறி உள்ளவரின் நிலை வேறு. அவரை விசாரித்துப் பரிசோதிக்க வேண்டும். ஆகவே எங்கள் ஐயம் நியாயமானதே. ஐயத்தைச் சண்டையாக்காமல் செயலாக்குவது எப்படி?

முதலாவது, நோயாளியே தமது மருத்துவக் கோவையைக் கேட்டுப் பெறலாம். அது அவரது உரிமை. திகதிவாரியாகப் படித்தால் ஊகங்கள் பல அடங்கும். மனக்குறை எஞ்சினால், கியூபெக்கின் ஒவ்வொரு பொதுச் சுகாதார நிறுவனத்திற்கும் பொறுப்பான முறைப்பாட்டு ஆணையரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

இரண்டாவது, பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளராக்காதீர்கள். மொழிபெயர்ப்பாளர் ஒருவரை முன்கூட்டியே கேளுங்கள். கிடைக்காவிடில், அறிகுறிகளைத் தாளில் எழுதிச் செல்லுங்கள். வெட்கம் நாவைக் கட்டும், தாளைக் கட்டாது.

மூன்றாவது, மகன்மாரே, இது நமக்கும் உரியது. தந்தைக்கு இந்நோய் இருந்தால் மகனுக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்கு. மொன்றியலில் பிறந்த அரசியல் தலைவர் ஜாக் லேட்டன் 2010இல் தமது நோயை அறிவித்தபோது, தம் தந்தைக்கும் அது வந்திருந்ததைக் கூறினார். இத்தகையோர் 45 வயதளவில் பரிசோதனை பற்றி வைத்தியருடன் பேசுவது நன்று. நான் பேசிவிட்டேன்.

பரவிய நிலையிலும் ஹோர்மோன் சிகிச்சை பலருக்கு நோயை ஆண்டுக்கணக்கில் கட்டுப்படுத்துகின்றது. சென்ற மாதம் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிறிது நேரம் மௌனமாயிருந்துவிட்டு, "தம்பி, அதை விடு. நாளைக்கு எத்தனை மணிக்கு ஊசி?" என்றார்.

இப்போது எங்கள் வீட்டின் கேள்வி அதுதான்.