27.215 கிராம்: ஒரு சைகோன் காசின் கதை

கேமராவைக் காசுக்குப் பக்கத்தில் கொண்டுபோகிறேன். ஓரத்தில் உள்ள எழுத்தைப் பாருங்கள். மாற்று 0.900, எடை 27 கிராம் என்று பிரெஞ்சில் பொறித்திருக்கிறது. தன் எடையையும் வெள்ளியின் மாற்றையும் தானே சொல்லும் காசு இது. ஆண்டு 1908. புதுச்சேரித் தட்டாஞ்சாவடியில் ஒரு சொல்தா (பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர்) குடும்பத்துப் பெட்டியில் இருந்தது. அசலா போலியா, அசலென்றால் என்ன தரம் என்று கேட்டிருக்கிறார்கள்.

இதன் பெயர் பியாஸ்தர், பிரெஞ்சு இந்தோசீனாவின் பணம். புதுச்சேரிக் கடைத்தெருவில் இது புழங்கியதில்லை, இங்கே ரூபாய்தான். 1875-இல் தொடங்கிய இந்தோசீனா வங்கியே சைகோனில் பியாஸ்தர் நோட்டும் புதுச்சேரியில் ரூபாய் நோட்டும் வெளியிட்டது. அதன் புதுச்சேரிக் கட்டடத்தில் இன்று யூகோ வங்கி இருக்கிறது. ஆகவே நம்மூர் வீடொன்றில் பியாஸ்தர் இருந்தால், அது கடல் தாண்டி வந்தது. 1881-இல் வந்த ஆணைப்படி, சாதி வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்றுக்கொண்டவர்கள் புதுக் குடும்பப் பெயர் வைத்துக்கொண்டார்கள். அவர்களில் பலர் சைகோனுக்குப் போய்ச் சுங்கம், போலீஸ், நீதிமன்றம், பட்டாளம் என்று வேலைக்குச் சேர்ந்தார்கள். ஊர் திரும்பியபோது பென்ஷனோடு சில பியாஸ்தர்களும் கூடவே வந்தன.

இப்போது காசில் பொறித்திருக்கும் எடைக்கு வருவோம். கீழைக் கடல் வணிகம் பெரும்பாலும் அப்போது மெக்சிகோ டாலரில்தான் நடந்தது. அதன் எடை 27.07 கிராம், அதில் சுத்த வெள்ளி சுமார் 24.44 கிராம். 1885-இல் பிரெஞ்சுக்காரர்கள் 27.215 கிராமில் தங்கள் பியாஸ்தரை இறக்கினார்கள். அதில் சுத்த வெள்ளி 24.49 கிராம். வித்தியாசம் ஒரு கிராமில் இருபதில் ஒரு பங்குதான். அது போதாதா? வியாபாரிகள் கனமான பிரெஞ்சுக் காசைப் பதுக்கினார்கள், உருக்கினார்கள், வெளியே அனுப்பினார்கள். சந்தையில் மெக்சிகோ டாலரே மிஞ்சியது. பத்தாண்டு பார்த்துவிட்டு, 1895-இல் அரசு எடையை 27 கிராமாகக் குறைத்தது. கௌரவம் பார்த்துச் செய்த காசு, கணக்குப் பார்த்தவர்களிடம் தோற்றது என்றுதான் எனக்குப் படுகிறது.

நமக்கு அதனால் ஒரு சோதனை கிடைத்தது. 1894 வரையிலான காசில் 27.215 என்றுதான் இருக்க வேண்டும். 1896 முதல் 27 என்றுதான். 1895-இல் மட்டும் இரண்டும் உண்டு. 1890 என்று போட்டுவிட்டு 27 என்று எழுதியிருந்தால், செய்தவனுக்கு வரலாறு தெரியவில்லை. 1914 முதல் 1920 வரை பியாஸ்தர் அடிக்கவே இல்லை. அந்த ஆண்டுகளில் ஒன்று வந்தால் தராசை எடுக்கவே வேண்டாம். ஆண்டுக்குக் கீழே பாரிஸ் நாணயச்சாலையின் 'ஏ' குறி இருக்கும். குறி இல்லாததெல்லாம் போலி என்று அவசரப்படாதீர்கள்: 1921, 22-இல் சான் பிரான்சிஸ்கோவிலும் அடித்தார்கள், அதில் குறி கிடையாது, பர்மிங்காமில் அடித்ததில் 'ஹெச்'.

அடுத்து தராசு. நகைக்கடைத் தராசில் இது 26.9 காட்டுகிறது. நூறாண்டுத் தேய்மானத்துக்கு அது நியாயம். 22, 23 என்று வந்தால் பேச்சே இல்லை. காந்தம் ஒட்டினால் போலி. ஒட்டாவிட்டால் எதுவும் நிரூபணம் ஆகாது, பித்தளையும் செம்பும்கூட ஒட்டாது. காந்தத்தை மட்டும் காட்டி விற்பவரை நம்பாதீர்கள்.

தண்ணீர்ச் சோதனைதான் எனக்குப் பிடித்தது. தராசில் ஒரு தம்ளர் தண்ணீர் வைத்து, அளவைப் பூஜ்யமாக்குங்கள். காசை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுக்க அமிழ்த்துங்கள். இந்த மாற்று வெள்ளியின் அடர்த்தி சுமார் 10.3, அதனால் தராசு 2.6 கிராம் காட்ட வேண்டும். அதே எடையில் செம்பு-நிக்கல் போலி என்றால் 3.0-க்குக் குறையாது. எடையைச் சரிக்கட்டியவனால் பருமனை மறைக்க முடியாது. பாருங்கள், 2.6.

போலிகளுக்குப் பஞ்சமில்லை. வியட்நாமில் சுற்றுலாக்காரர்களுக்கு நினைவுப்பொருளாகவே விற்கிறார்கள். வார்த்தெடுத்த காசில் சின்னச் சின்னக் குழிகள், விளிம்பில் இணைப்புக் கோடு, மழுங்கிய எழுத்து தெரியும்.

ஆக, இது அசல். தரம்? உட்கார்ந்திருக்கும் சுதந்திர தேவியின் முழங்காலும் மார்பும்தான் முதலில் தேயும். இங்கே முழங்கால் தட்டையாகிவிட்டது. தலைக்கதிர்கள் தெளிவு, உடை மடிப்பில் பாதி மிச்சம். தேய்மானத்தை மட்டும் பார்த்தால் 'வெரி ஃபைன்'. வலது பக்கத்தில் சின்ன முத்திரைக் குத்து ஒன்றும் இருக்கிறது. சீன வணிகர்கள் வெள்ளியைச் சோதித்து, நல்ல காசு என்று இப்படிக் குத்துவார்கள். சேகரிப்பாளர் பலர் இதைக் குறையென்று விலை குறைக்கிறார்கள். எனக்கு அது கைமாறிய தடம். ஆனால் சந்தை என் ரசனையைக் கேட்பதில்லை.

பெரிய குறை வேறு. பளபளப்பைக் கவனியுங்கள், ஒரே திசையில் மயிரிழைக் கோடுகள். பூஜைப் பாத்திரத்தைப் போல விபூதி போட்டுத் துலக்கியிருக்கிறார்கள். நம் வீடுகளில் வெள்ளிக்குச் செய்யும் மரியாதை அதுதானே! நாணயக்காரர்கள் சீட்டில் 'துலக்கியது' என்று ஒரு சொல் எழுதிவிடுவார்கள், விலை பாதியாகிவிடும். அதற்கு மருந்து இல்லை. போன மேற்பரப்பு திரும்பாது. கறுத்திருக்கும் காசைக் கறுப்பாகவே விடுங்கள். புளியும் வேண்டாம், பற்பசையும் வேண்டாம். விளிம்பைப் பிடித்து எடுங்கள், அமிலமில்லாத காகித உறையில் போடுங்கள்.

அந்தக் குடும்பத்துக்கு என் பதில்: அசல் 1908, வெரி ஃபைன், முத்திரைக் குத்து உண்டு, துலக்கியது. விற்பதானால் வெள்ளி விலைக்குக் கீழே யாருக்கும் கொடுக்காதீர்கள். இந்தக் காசில் சுமார் 24 கிராம் சுத்த வெள்ளி இருக்கிறது.